பதினைந்து நாட்களும் ஓர் அட்டைப்பெட்டியும்

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 ஆம் திகதி தமது நூறாவது வயதில் காலமான செய்தி, மறுநாட் காலை மாரி மழையோடு மழையாகத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வானொலியைப் போட்டுவிட்டுத் தேநீரோடு அமர்ந்திருந்தேன். செய்தி வாசித்தவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்: 1978 இல் எகிப்தையும் இஸ்ரேலையும் காம்ப் டேவிட்டில் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்; ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பணயக் கைதிகளாக இருந்த நிழலிலேயே 1980 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றவர்; 2002 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் என் மனதில் எழுந்தது, ஜோர்ஜியா மாநிலத்தின் மேற்கு எல்லையில், சட்டஹூச்சி ஆற்றங்கரையில் உள்ள ஜோர்ஜ்டவுன் என்னும் சிற்றூரின் நீதிமன்றக் கட்டடத்தில் 1962 ஆம் ஆண்டு வைக்கப்பட்டிருந்த ஓர் அட்டைப்பெட்டி. மதுப்போத்தல்கள் வந்த பெட்டி அது. மேலே கைநுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டி, அதைத்தான் அவ்வூரார் வாக்குப்பெட்டியாக வைத்திருந்தார்கள்.

இந்தப் படம் எனக்கு முதலில் வருவதற்குக் காரணம் என் உத்தியோகம். மாவட்டச் செயலகமாகிய கச்சேரியில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, 1994 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் 2015 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் வரை, இருபத்தொரு வருடங்கள் தேர்தற் கடமைக்குப் போய்வந்தவன் நான். முதலில் வாக்காளர் இடாப்பைப் பார்த்துப் பெயர் வாசிக்கும் எழுதுவினைஞன். கடைசியில் சிரேட்ட தலைமை தாங்கும் அலுவலர். ஓர் அமெரிக்க ஜனாதிபதி தமது அரசியல் வாழ்வின் முதற் படியைத் திரும்பிப் பார்த்து எழுதியதைப் படித்தபோது, வேறு எவரையும்விட என் போன்றவர்களுக்கே அதில் வயிற்றைப் பிசையும் இடங்கள் அதிகம் என்று தோன்றியது.

கார்ட்டர் பதவியிலிருந்து இறங்கிப் பதினொரு வருடங்களுக்குப் பிறகு, 1992 இல், தமது முதற் தேர்தலைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதினார். அது ஜனாதிபதித் தேர்தலோ ஆளுநர் தேர்தலோ அன்று; மாநில செனட் சபையின் ஓர் ஆசனத்துக்காக, ஏறக்குறைய ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாக்களித்த ஒரு கட்சி உட்தேர்தல், அதாவது பொதுத் தேர்தலுக்கு முன் கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்ய நடத்தும் தேர்தல். பெரிய தலைவர்கள் தங்கள் தொடக்க நாட்களைப் பற்றி எழுதும்போது வேகமாக நடந்துபோவதே வழக்கம். இளமைக் கஷ்டம் இரண்டு பக்கம், முதல் வெற்றி ஒரு பக்கம், பிறகு நேராக அதிகார மண்டபம். இவரோ முப்பது வருடங்களுக்கு முந்தைய இரண்டு வாரங்களை நாள் நாளாக, சில இடங்களில் மணித்தியாலம் மணித்தியாலமாக எடுத்துவைத்தார். அநியாயம் செய்யப்பட்டவனுடைய ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும் போலும்.

1962 ஒக்டோபர் 1 ஆம் திகதி அவருடைய முப்பத்தெட்டாவது பிறந்தநாள். அன்று காலையில் எழுந்து, வழக்கமாகக் கச்சான் களஞ்சியத்துக்குப் போட்டுச் செல்லும் வேலையுடுப்பை விட்டு, நல்ல காற்சட்டையை அணிந்தார். எங்கே புறப்பாடு என்று மனைவி ரோசலின் கேட்ட பிறகுதான், அமெரிக்கஸ் என்னும் பக்கத்து நகருக்குப் போய்ச் செனட் சபைக்கு வேட்பாளராக நிற்பதை அறிவிக்கப்போவதாகச் சொன்னார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேளாமல் அப்படியொரு முடிவை எடுத்ததை நினைத்தால் தமக்கே இப்போது நம்பமுடியவில்லை என்று பிற்காலத்தில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1953 இல் தந்தை இறந்ததும், நீர்மூழ்கிக் கப்பல்களில் கண்ட நல்லதொரு கடற்படை வாழ்வை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பியதும் அவ்விதமே, மனைவியின் விருப்பத்துக்கு மாறாக. எங்கள் ஊரிலும் துறைமுகத்தை நம்பி வந்து தங்கிய கடற்படைக் குடும்பங்கள் பலவற்றைக் கண்டவன் என்ற முறையில், அந்தப் பெண் பிளேன்ஸ் என்ற அந்தக் குக்கிராமத்துக்கு எந்த முகத்தோடு வந்திறங்கியிருப்பார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

அவர் ஏன் நின்றார் என்பது ஒரு பாடசாலைக் கதை. சம்டர் கவுண்டியின் கல்விச் சபைக்கு அவர் தலைவராக இருந்தார். சிறிய பாடசாலைகளை ஒன்றிணைக்கும் யோசனை 1961 இல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பாடசாலைகளை ஒன்றாக்கும் சூழ்ச்சி இதன் பின்னால் இருக்கிறது என்ற பயமே அதைத் தோற்கடித்தது. கல்வியை மாநில அளவில்தான் திருத்த முடியும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அவருடைய தந்தையும் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி, ஒரு வருடம்கூட முழுதாக இருக்கக் கொடுத்துவைக்காமல் இறந்தவர்.

நிற்பதற்கு இடம் கிடைத்ததோ நீதிமன்றங்களின் புண்ணியத்தால். ஜோர்ஜியாவில் 159 கவுண்டிகள் உண்டு. கவுண்டியை நம்முடைய பிரதேச செயலர் பிரிவு போன்றதென்று வைத்துக்கொள்ளலாம். மாநிலம் தழுவிய கட்சி உட்தேர்தல்களில் அங்கே தலைகளை எண்ணவில்லை, கவுண்டிகளையே எண்ணினார்கள். மிகப் பெரிய எட்டுக் கவுண்டிகளுக்கு ஆறு ஆறு அலகு, அடுத்த முப்பதுக்கு நான்கு நான்கு, மீதி 121 க்கும் இரண்டு இரண்டு. ஆகவே காட்டுக்குள் இருக்கும் மூன்று சிறு கவுண்டிகள் சேர்ந்தால் அட்லான்டா நகரம் அடங்கிய ஃபுல்டன் கவுண்டிக்குச் சமம். செனட் ஆசனமோ இன்னும் விசித்திரம்; மூன்று கவுண்டிகள் சேர்ந்த ஒரு தொகுதியில், கோயில் உபயம் போல, தவணைக்கு ஒரு கவுண்டியாக முறைவைத்து உறுப்பினரை அனுப்பினார்கள். 1962 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம், தொகுதி எல்லைகளின் நியாயத்தை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று டென்னசி மாநில வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக ஜோர்ஜியாவின் அலகு முறை விழுந்தது, செனட் தொகுதிகள் அவசர அவசரமாக மீள வரையப்பட்டன, ஒக்டோபர் 16 இல் புதிய உட்தேர்தல் வந்தது. ஏழு கவுண்டிகள் கொண்ட பதினான்காம் தொகுதியில் கார்ட்டருக்குக் கிடைத்தது பதினைந்து நாள்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் நாட்டின் பழைய சோல்பரி அரசியலமைப்பு நினைவுக்கு வந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதனோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்று அது கணக்குப் போட்டது. பரப்பளவுக்காக மட்டும் நாடு முழுவதற்கும் 25 ஆசனங்கள். ஆள் குறைந்து நிலம் பரந்த எங்கள் கிழக்கு போன்ற மாகாணங்களின் குரல் அமுங்கிவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். நிலத்துக்கு வாக்குக் கொடுப்பது ஜோர்ஜியாவில் நகரத்துக் கறுப்பினத்தவரின் குரலை அடைத்தது. இங்கே சிறுபான்மையினருக்கு ஓரளவு இடம் கொடுத்தது. 1960 முதல் 1977 வரை மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்ததையும், வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் இருந்ததையும், அந்த இரண்டாவது வாக்கை யாருக்குப் போடுவது என்று வீடுகளில் நடந்த விவாதங்களையும் என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அது ஒரு திருவிழாக் காலம். விடயத்துக்கு வருகிறேன்.

ஏழு கவுண்டிகளுள் மிகச் சிறியது குவிட்மன். அதன் தலைநகர் ஜோர்ஜ்டவுன். அதன் ராசா ஜோ ஹேர்ஸ்ட். அவர் கவுண்டியின் ஜனநாயகக் கட்சித் தலைவர். மாநிலச் சட்டசபையில் அதன் உறுப்பினரும் அவரே. அரச உதவிப் பணத்தை, எங்கள் பக்கத்தில் பிச்சைச் சம்பளம் என்று சொல்வோமே அதை, வழங்கும் அலுவலகம் அவருடைய மனைவியின் பொறுப்பில் இருந்தது. காசோலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஹேர்ஸ்ட். மாதாமாதம் வாசலுக்குக் காசோலையோடு வரும் மனிதர் தேர்தலன்று இன்னாரை வெட்டிவிடு என்றால், வெட்டாமல் விடுவதற்கு எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருக்கும்? வெட்டுவதென்று நான் சொல்வது பெயரை. அங்கே வேண்டாத வேட்பாளரின் பெயரைக் கோடிட்டு அடிப்பதுதான் வாக்களிக்கும் முறை. நிவாரண அட்டைகளின் காலத்தை இந்த மாவட்டத்தில் கண்ட எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தேர்தலன்று ஜோர்ஜ்டவுனில் கார்ட்டரின் சார்பாகப் போயிருந்தவர் ஜோன் போப் என்ற அவருடைய நண்பர். மறைவான தட்டி எதுவும் இல்லை. வாக்காளர்கள் திறந்த மேசையில், ஹேர்ஸ்ட் பார்த்துக்கொண்டிருக்க, கோடு அடித்தார்கள். சொன்னபடி செய்தார்களா என்பதில் ஐயம் வந்தபோது ஹேர்ஸ்ட் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். போப் தொலைபேசியில் அழைக்க, கார்ட்டர் நேரில் போய்த் தம் கண்ணாலேயே கண்டார். கொலம்பஸ் நகரப் பத்திரிகையாளர் ஒருவரை வரவழைத்தார். வந்தவரோ ஹேர்ஸ்டோடு நட்பாகப் பேசிவிட்டு, இந்த ஊரில் இது எப்போதும் நடப்பதுதானே என்ற பாவனையில் போய்விட்டார். அன்றிரவு மற்ற ஆறு கவுண்டிகளின் கணக்கு வந்தபோது முன்னிலையில் இருந்த கார்ட்டர், குவிட்மனின் கணக்கு வந்து சேர்ந்ததும் 139 வாக்குகளால் தோற்றுப்போனார். வென்றவர் ஹோமர் மூர், ரிச்லண்ட் ஊர் வியாபாரி. ஜோர்ஜ்டவுனில் வாக்களித்தவர்கள் 333 பேர். பெட்டியில் எண்ணப்பட்ட சீட்டுக்கள் 420.

எண்பத்தேழு சீட்டு அதிகம். இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

என் முதலாவது தேர்தற் கடமையில், கிண்ணியாப் பாலம் வருவதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன், நாங்கள் வாக்குப்பெட்டியோடு பாதையில் ஏறிக் கடந்து போனவர்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்பது எங்கள் பக்கத்தில் ஆறு கடக்கும் மிதவை. மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்து, வெளிக்கதவைச் சாத்தி, கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். எத்தனை சீட்டுக் கையேற்றோம், எத்தனை கொடுத்தோம், எத்தனை பழுதானது, எத்தனை மிச்சம் என்பதையெல்லாம் வாக்குச்சீட்டுக் கணக்கில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடிக்கட்டைகளை எண்ணினால் ஒரு தொகை. இடாப்பில் நான் கோடிட்ட பெயர்களை எண்ணினால் அதைவிட ஒன்று குறைவு. மறுபடி எண்ணினோம். அதே ஒன்று. வெளியே பொலிஸ் வாகனம் உறுமிக்கொண்டிருந்தது, இருட்டுவதற்குள் மிதவையைப் பிடிக்க வேண்டும், அந்த நாட்களின் இருட்டு வேறு வகையான இருட்டு. எங்கள் தலைமை அலுவலர் ஒரு வார்த்தை அதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, வாகனம் நிற்கட்டும். நீங்கள் முதலாம் பக்கத்திலிருந்து பெயரை வாசியுங்கோ, நான் அடிக்கட்டையிலை இலக்கத்தைப் பார்க்கிறன்," என்றார். ஆறே முக்கால் மணியளவில் ஆள் அகப்பட்டார். காலையில் வந்த ஒரு மூதாட்டி அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் திரும்பிப் போய், மதியம் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் வந்தவர். சீட்டைக் கொடுத்தோம், அவர் வாக்களித்தார், நான் மட்டும் அவர் பெயரில் கோடிட மறந்துவிட்டேன். தலைமை அலுவலர் நடந்ததைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, என்னையும் ஒப்பமிடச் செய்து, அதன் பிறகே அரக்கை உருக்கினார். மிதவைக்காரர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒன்றுக்கு எங்களுக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் போனது. எண்பத்தேழைப் பற்றி அந்த ஜோர்ஜ்டவுன் நீதிமன்றக் கட்டடத்தில் அன்றிரவு எவருக்கும் ஒரு கொட்டாவிகூட வரவில்லை.

தோற்றவர் வீட்டில் இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். கார்ட்டர் இருக்கவில்லை. அட்லான்டா ஜேர்னல் பத்திரிகையின் நிருபர் ஜோன் பெனிங்டன் ஜோர்ஜ்டவுனுக்கு வந்து, பொறுமையாக இடாப்பை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயராகத் தேடிப் போனார். இறந்தவர்கள் வாக்களித்திருந்தார்கள், சிறையில் இருந்தவர்கள் வாக்களித்திருந்தார்கள், ஊரைவிட்டுப் போய் வருடங்கள் ஆனவர்கள் வாக்களித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அழகான செய்தி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அகரவரிசைப்படி வந்து வாக்களித்திருந்தது. பிரேதத்தை வாக்களிக்க வைத்தவனுக்கு அதைக் கொஞ்சம் கலைத்துப்போட வேண்டும் என்ற புத்தி இல்லாமற் போனதே என்று நான் ஒரு தொழிற்காரனின் கோபத்தோடு சிரித்தேன். இதற்கிடையில், ஹேர்ஸ்டை எதிர்த்தவர்களின் வியாபார நிலையங்கள் முன்பு எரிந்து போயின என்று கார்ட்டரின் களஞ்சியத்துக்கே ஒருவர் வந்து ரோசலினிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டத்தரணியாக அட்லான்டாவிலிருந்து வந்தவர் சார்ல்ஸ் கேர்போ. மெதுவாகப் பேசும் நாட்டுப்புறத்து மனிதர். அன்று தொடங்கிய அந்த உறவு, வெள்ளை மாளிகை வரைக்கும் அவரைக் கார்ட்டரின் மிக நெருங்கிய ஆலோசகராக வைத்திருந்தது. மீள எண்ணுவதற்காக நீதிபதி கார்ல் குரோவின் முன்னிலையில் பெட்டி வந்தபோது அது முத்திரையிடப்பட்டிருக்கவில்லை. மேலேயே நூறு அளவிலான சீட்டுக்கள் ஒன்றாகச் சுருட்டப்பட்டு, இறப்பர் வளையம் போட்டபடி கிடந்தன. ஓட்டை வழியாக ஒவ்வொன்றாக விழுந்த சீட்டுக்கள் தாமாக ஒன்று சேர்ந்து வளையம் மாட்டிக்கொள்வது எந்த நாட்டிலும் நடவாது. நீதிபதி ஜோர்ஜ்டவுன் பெட்டியை முழுதாகவே தள்ளுபடி செய்தார். மீதிக் கணக்கில் கார்ட்டர் 65 வாக்குகளால் முன்னே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய குழப்பம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் யார் என்பதில் கட்சிக்குள் முறையீடுகள், நவம்பர் 6 ஆம் திகதிப் பொதுத் தேர்தலுக்கு முதல்நாள் இரவு இன்னொரு நீதிபதியின் கட்டளை, அச்சிட்ட சீட்டுக்களில் பெயரை வைப்பதா அடிப்பதா என்று நள்ளிரவில் கவுண்டி கவுண்டியாக ஓட்டம். அவ்வளவுக்கும் பிறகு கார்ட்டர் 3,013 வாக்குகளும் மூர் 2,182 வாக்குகளும் பெற்றார்கள். 1963 ஜனவரியில் பதவியேற்கும் நாள்வரை தம்மை உள்ளே விடுவார்களா என்பது அவருக்கே நிச்சயமில்லை. ஹேர்ஸ்ட் பிற்காலத்தில் தேர்தல் மோசடிக்காகவும், கசிப்பு வியாபாரத்துக்காகவும் குற்றவாளியாகக் காணப்பட்டார். கார்ட்டரோ, முன்வைக்கப்படும் ஒவ்வொரு சட்டமூலத்தையும் வாசித்த பிறகே வாக்களிப்பேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேகவாசிப்பு வகுப்புக்குப் போனார். எந்தப் பாராளுமன்றத்திலும் இப்படியொரு நேர்த்திக்கடனை வைத்துக்கொண்ட உறுப்பினர் அதிகம் இருக்கமாட்டார் என்பது என் கணிப்பு.

இவ்வளவையும் மெச்சிவிட்டு, என் மனதில் உறுத்தியதையும் எழுதாமல் விட்டால் கணக்கு ஒப்பேறாது. 333 பேர் என்று நாம் எண்ணும் அந்த இடாப்பே எப்படிப்பட்ட இடாப்பு? அந்த ஏழு கவுண்டிகளிலும் கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். வாக்காளராகப் பதிந்தவர்களோ சொற்பம். ஏழில் ஒன்றான டெரல் கவுண்டியில், பதியப் போனவர்களைத் திருப்பி அனுப்பியதற்காக மத்திய அரசாங்கமே வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. அதே 1962 இல், வாக்காளர் பதிவுக்காகக் கூட்டங்கள் நடந்த தேவாலயங்கள் அந்தப் பக்கத்தில் எரிக்கப்பட்டன. பெட்டிக்குள் கூடுதலாக விழுந்த எண்பத்தேழு சீட்டைப் பிடிக்க நீதிமன்றமும் பத்திரிகையும் இருந்தன. பெட்டியின் அருகேயே வரவிடப்படாதவர்களுக்கு எந்த மீள எண்ணுகை இருந்தது? கார்ட்டர் இதை அறியாதவர் அல்லர். இனப்பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் சபையில் சேர மறுத்ததற்காக அவருடைய வியாபாரத்தைப் புறக்கணித்திருந்தார்கள். கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியப் போகும்போது கேட்கப்பட்ட முப்பது கேள்விகள் கொண்ட சோதனைக்கு எதிராகவே தமது முதற் செனட் உரை இருந்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவருடைய தொடக்ககால அரசியலில் இன்னொரு தேர்தலும் உண்டு. 1966 இல் ஆளுநர் பதவிக்கு நின்று, இனப்பிரிவினையைக் கொடியாகப் பிடித்த லெஸ்டர் மடொக்ஸ் ஆளுநராவதைப் பார்க்க வேண்டியிருந்த கார்ட்டர், 1970 இல் மறுபடி நின்றபோது அதே பிரிவினைவாதிகளின் வாக்குகளைக் குறிவைத்துப் பிரசாரம் செய்தார். எதிராளி கார்ல் சான்டர்ஸ் கறுப்பின விளையாட்டு வீரர்களோடு நிற்கும் படம் ஒன்று துண்டுப்பிரசுரமாக வெள்ளையரிடையே பரவியதில் கார்ட்டருடைய ஆட்களின் கை இருந்தது. வென்ற பிறகு, 1971 ஜனவரியில், இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று பதவியேற்பு உரையிலேயே அறிவித்து அந்த வாக்காளர்களை அதிர வைத்தார் என்பதும் உண்மை. 1962 ஐப் பற்றி நாள் நாளாக எழுதிய கை, 1970 க்கு அவ்வளவு தாளைச் செலவிடவில்லை. தாம் ஏமாற்றப்பட்ட தேர்தல் மனிதருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறரைக் கொஞ்சம் ஏமாற்றி வென்ற தேர்தலில் ஞாபகம் மெலிகிறது. இதற்காக அவரை நான் தள்ளிவைக்கவில்லை. எங்கள் தலைவர்களுள் முதலாவது வகைத் தேர்தலையாவது இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

கார்ட்டர் ஜனாதிபதியாகப் பதவியேற்றது 1977 ஜனவரியில். அதே வருடம் ஜூலை 21 ஆம் திகதிதான் இரா. சம்பந்தன், தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராகத் திருகோணமலையிலிருந்து முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். பிறகு 2015 இல் எதிர்க்கட்சித் தலைவரானார். கார்ட்டர் மறைந்த அதே 2024 இல், ஜூன் 30 ஆம் திகதி, தமது தொண்ணூற்றொராவது வயதில் அவரும் மறைந்தார். அந்த 1977 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பா சொன்னவைதான்: உதயசூரியன் சின்னம் சுவரெங்கும் எப்படி எழுதப்பட்டது, நீதிமன்றத்திலிருந்து நேரே வந்த சட்டத்தரணி எப்படி மேடையில் நிதானமாகப் பேசினார், முடிவு வந்த இரவில் எந்தச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள் என்று. பெரியப்பா போனார், சந்திகளின் பெயர்களும் எனக்குக் குழம்பிவிட்டன. நான்கு வருடங்கள் கழித்து, 1981 இல், யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப்பெட்டிகளே காணாமற் போயின. அந்தப் பெட்டிகளுக்கு ஒரு பெனிங்டன் வாய்க்கவில்லை.

கார்ட்டருக்கு ஜோர்ஜ்டவுன் கடைசிவரைக்கும் தீரவில்லை. 1989 மே மாதத்தில் பனாமாவில் தேர்தல் கண்காணிப்புக்குப் போயிருந்தபோது, அந்நாட்டு இராணுவ ஆட்சியாளர் நொரியேகாவின் ஆட்கள் மாற்றி எழுதிய எண்ணிக்கைத் தாள்களைக் கண்டு, எண்ணும் நிலையத்தின் மேடையில் ஏறித் தமக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், நீங்கள் நேர்மையானவர்களா திருடர்களா என்று அதிகாரிகளைப் பார்த்துக் கேட்டார். அறுபத்து நான்கு வயதில் ஒரு முன்னாள் ஜனாதிபதி அப்படி மேடையில் ஏறியதை எல்லோரும் இராஜதந்திர நிகழ்வாக எழுதினார்கள். எனக்கு அங்கே தெரிந்தவர், நல்ல காற்சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் கைவிடும் மனிதரைக் கண்டு செய்வதறியாது நின்ற அந்தக் கச்சான் வியாபாரி.

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலுக்கு நான் வாக்காளனாக மட்டும் போனேன். வரிசையில் அதிகம் ஆளில்லை. இடாப்போடு இருந்தது ஓர் இளம் பெண். என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். என் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசித்தார், முகவர்கள் தங்கள் தாளில் குறித்தார்கள், இடது சின்னவிரலில் மை பூசினார்கள், சீட்டு என் கைக்கு வந்தது. நான் நகரவில்லை.

"என்ன ஐயா, சீட்டுத் தந்தாச்சே?" என்று நிமிர்ந்து கேட்டார்.

"ஓம் பிள்ளை. கோட்டைப் போடுங்கோ, போறன்," என்றேன்.

அவர் அடிமட்டத்தை எடுத்து வைத்து, என் பெயரின் மேல் கோடிட்டார்.